மாங்காயின் மாச்சத்து

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயிலேறிச் சென்றோர் வழியெங்கும் மாந்தோப்புகளைக் கண்டிருப்பீர்கள். அங்கே மிகுதியாக விளைவது கிளிமூக்கு மாங்காய். தோத்தாபுரி என்றும் பெங்களூரா என்றும் வழங்குவர். காயாகக் கடித்தால் புளிக்கிறது. பறித்து வைக்கோலில் மூடி வைத்தால் சில நாளில் இனிக்கிறது. மரத்தின் தொடர்பு அற்றபின் அந்த இனிப்பை ஊட்டியவர் யார்?

ஊட்டியது இலைதான், ஆனால் முன்னரே ஊட்டிவிட்டது. இலையிலுள்ள பச்சையம், கதிரொளியின் துணையால் கரியமில வாயுவையும் நீரையும் சர்க்கரையாக்குகிறது. அச்சர்க்கரை பட்டையின் உட்குழல்கள் வழியே காயை அடைகிறது. அதை அப்படியே குவித்தால் இடர் உண்டு. கரைந்த சர்க்கரை மிகுந்தால் உயிரணு நீரை ஈர்த்துப் புடைக்கும். ஆகவே குளுகோசு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்து, நீரில் கரையாத மணிகளாக்கி அடுக்குகிறது மரம். அதுவே மாச்சத்து. காயின் துண்டில் அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். கனிந்த துண்டில் அந்நிறம் மிக மங்கும். (அதே சித்தூர் மண்ணில் கரும்பு சர்க்கரையைச் சாறாகவே தாங்குகிறது, வேர்க்கடலையோ எண்ணெயாக மாற்றி வைக்கிறது. செடிக்குச் செடி கருவூலம் வேறு!)

காய் முற்றியதும் எதிலீன் என்னும் வாயு அதனுள்ளேயே பிறந்து நொதிகளைத் தூண்டுகிறது. அவை சங்கிலியை அறுத்துச் சர்க்கரையாக்குகின்றன. நெல்மணி உலர்ந்தது, அதன் மாச்சத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஈரமிக்க மாங்காய்க்கு அப்பொறுமை இல்லை. 2025ஆம் ஆண்டுக் கோடையில் சித்தூரில் காய் மலிந்து விலை வீழ்ந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் உதவ முன்வந்தது. கூழ் ஆலைகளின் வாயிலில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. நெல்லாயின் களஞ்சியத்தில் இட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். சுமையிலேயே கனியத் தொடங்கும் காயை உழவன் என் செய்வான்?

இதற்கு அஞ்சி முற்றாமுன் பறிப்போரும், கார்பைடு கல் வைத்துப் பழுக்கச் செய்வோரும் உண்டு. அக்கல்லைச் சட்டம் தடைசெய்துள்ளது. அது தோலை மஞ்சளாக்கலாம். சேராத மாச்சத்திலிருந்து இனிப்பை வரவழைக்காது. வெளிமாநிலச் சந்தையில் கிளிமூக்கு வாங்கும் அன்பர்கள், வீட்டில் காயை ஒரு வாளி நீரில் இட்டுப் பாருங்கள். நன்கு முற்றியது பெரும்பாலும் மூழ்கும்; மிதப்பதை ஊறுகாய்க்கு ஒதுக்கிவிடலாம்.