கதை கால் ஊன்றும் நிலம்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடைபெறுகிறதோ, அந்த ஆசிரியர் பாடநூலோடு நின்றுவிடாமல் நாவல்களையும் சிறுகதைகளையும் மாணவர் கையில் கொடுத்து வாசிக்கச் செய்தவர். அவருக்குச் செலுத்தும் மரியாதையாக, புனைகதையில் இடம் எப்படி உயிர் பெறுகிறது என்பதைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இடம் தன்னில் வாழ்கிறவரை எதைச் செய்ய விடுகிறது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பது தெரியும்போதுதான் வாசகர் அந்த இடத்தை நம்புகிறார். பக்கம் பக்கமாக வர்ணித்தாலும் இது தெரியாவிட்டால் நம்பிக்கை பிறக்காது. சரித்திரக் கதை, மாயக் கதை, பேய்க் கதை, அறிவியல் புனைகதை, அன்றாட வாழ்வைச் சொல்லும் நாவல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வகைக்கு வகை மாறுவது அந்த இடம் விதிக்கும் நிபந்தனைதான்.

இதற்கான இலக்கணம் நம்மிடம் மிகப் பழங்காலத்திலேயே இருந்திருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. பொழுது இல்லாத நிலம் கதைக்கு உதவாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அடுத்து வரும் கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என வரிசைப்படுத்துகிறது. அங்கே என்ன உண்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எதை வணங்குகிறார்கள் என்ற கேள்விகள் அவை. இவற்றின் மேல்தான் உரிப்பொருளாகிய மனித உணர்வு நிற்கிறது. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல கையேடு தேவையில்லை.

சரித்திர நாவலை முதலில் பார்ப்போம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஆடித் திருநாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. இன்று நாம் வீராணம் என்று சொல்லும் ஏரி அது. நிலமும் பொழுதும் முதல் பக்கத்திலேயே கைகோத்துவிடுகின்றன. ஆடிப் பெருக்கு என்பதால் புதுவெள்ளம் வருகிறது, மக்கள் கூடுகிறார்கள், சித்திரான்னம் உண்கிறார்கள். தொண்டை நாட்டிலிருந்து வரும் வந்தியத்தேவனின் கண்களால் அந்த நீர்வளத்தைக் கல்கி காட்டுகிறார். அவனுக்கு அது புதிது என்பதால் நமக்கும் புதிதாகிறது. அதே கரையில் பழுவேட்டரையருடைய பரிவாரத்தின் அதிகாரமும் வெளிப்படுகிறது. யாரைக் கண்டு யார் ஒதுங்க வேண்டும் என்பது தெரிந்ததும் சோழநாட்டு அரசியலுக்குள் நாம் நுழைந்துவிடுகிறோம்.

சரித்திரக் கதை எழுதுகிறவருக்கு, அக்காலத்தில் என்ன இருந்தது என்ற அறிவோடு என்ன இல்லை என்ற அறிவும் வேண்டும். ராஜராஜன் காலத்துச் சமையலறையில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, புகையிலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்த 1498க்குப் பிறகே இவை நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தன. சோழர் கதையில் ஒருவர் மிளகாய்த் துவையல் அரைத்தால் அந்த அரண்மனையே சரிந்துவிடும். நேரத்தை நாழிகையில் சொல்ல வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம். செய்தி குதிரையின் வேகத்தில்தான் போகும். தஞ்சையிலிருந்து காஞ்சிக்கு ஓலை போய்ச் சேர நாட்கள் பிடிக்கும் என்பதால்தான் சதி செய்கிறவனுக்கு அவகாசம் கிடைக்கிறது. இடத்தின் தூரமே கதையின் முடிச்சாகிறது.

இனி மாயக் கதைக்கு வருகிறேன். இங்கேதான் நம்பகம் மிகக் கடினமானது. புதுமைப்பித்தன் இதில் நமக்கெல்லாம் ஆசான். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். வரும் இடம் ஏதோ ஒரு நகரம் என்று விடப்படவில்லை; பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனை. அங்கே நிற்கும் கந்தசாமிப் பிள்ளை, டிராமா, பஸ்ஸா, எதில் போனால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் காலணாதான் கதையின் அஸ்திவாரம். கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார், காப்பி குடிக்கிறார், நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். அந்த நோட்டை ஓட்டல்காரர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். பிள்ளையோ தம் வைத்தியப் பத்திரிகைக்கு அவரிடம் ஜீவிய சந்தா கேட்கிறார். நடக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அன்றைய சென்னையின் விலைவாசிப்படி நடக்கிறது. கடவுளே ஆனாலும் அந்த நகரத்தின் நிபந்தனைக்கு உட்பட வேண்டும். அவரும் தேவியும் ஆடிக் காட்டியும் ஆதரிப்பார் இல்லை என்பதில் கதையின் முழு வலியும் இருக்கிறது. மாயக் கதை எழுத வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓர் அற்புதத்தை வையுங்கள், மற்ற அனைத்துக்கும் சரியான விலை கொடுங்கள்.

பேய்க் கதைக்கு வந்தால், புதுமைப்பித்தனே எழுதிய ‘காஞ்சனை’யில் பாழடைந்த பங்களாவோ இடுகாடோ இல்லை. சாதாரணக் குடித்தன வீடு. கணவன் எழுத்தாளன், மனைவி, வீட்டு வேலைக்கு வந்து சேரும் ஒரு பிச்சைக்காரி. நள்ளிரவில் பிணவாடை வீசுகிறது. அதற்கு வீட்டுக்காரர் செய்வது ஊதுவத்தி கொளுத்துவது. வீட்டின் வழக்கம் எதுவென்று நமக்குத் தெரிந்த பிறகே, அந்த வழக்கம் பிசகும்போது பயம் வருகிறது. பேய்க் கதைக்கு இருட்டைவிட, விளக்கேற்றியிருக்கும் வீடு முக்கியம்.

எதிர்காலத்தைச் சொல்லும் கதையில் கருவிகளை அடுக்கினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். சுஜாதா பொறியாளர், கருவிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. ஆனால் ‘என் இனிய இயந்திரா’வில் அந்த உலகத்தை நாம் நம்புவது, குழந்தை பெற்றுக்கொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியால். நிலா, சிபி, ரவி என்று பெயர்கள்கூடச் சுருங்கி நிற்கும் நாடு அது. சட்டம் மனிதரின் வீட்டுக்குள்ளும் பெயருக்குள்ளும் வந்துவிட்டது. ஜீனோ என்ற இயந்திர நாய் நினைவில் நிற்பதற்கும், அப்படிப்பட்ட நாட்டில் அது ஒரு பெண்ணுக்குத் துணையாக வருவதே காரணம்.

அன்றாட வாழ்வைச் சொல்லும் நாவலில் வாசகருக்கே இடம் தெரியும் என்பதால் எழுத்தாளர் அசட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. அசோகமித்திரன் ‘தண்ணீர்’ நாவலில் சென்னையை விவரித்துக்கொண்டு நிற்கவில்லை. தண்ணீர் எங்கே வரும், எப்போது வரும், குடத்தோடு யார் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று மட்டும் காட்டுகிறார். நாயகி ஜமுனாவின் அவமானமும் தெம்பும் அந்தக் குடத்தோடு கூடவே வருகின்றன. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வெளிவந்தது. பரதவர் வாழ்வைச் சொல்லும் அந்த நாவலில் காற்றும் நீவாடு எனும் கடல் நீரோட்டமும் அன்றைய மீன்பாட்டைத் தீர்மானிக்கின்றன. கரையிலிருந்து பார்க்கிறவனுக்குக் கடல் அழகு. கட்டுமரத்தில் போகிறவனுக்கு அது தொழிற்களம், சில நாள் எமன். எந்த இடத்தையும் அங்கே உழைக்கிறவரின் கண்ணால் பார்த்துவிட்டால் மொழி தானே வந்து சேரும். கி.ராஜநாராயணன் கரிசல் கதைகள் எழுதியதோடு நிற்காமல் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்துத் தந்தார். நிலத்தை எழுதுவதற்கும் அதன் சொல்லைக் காப்பதற்கும் உள்ள உறவை அவரைப்போல் உணர்ந்தவர் குறைவு.

எழுத வரும் மாணவ நண்பர்களே, உங்கள் கதை நடக்கும் இடத்தைப் பற்றி எழுதுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். இங்கே ஒரு வேளைச் சோற்றுக்கு என்ன விலை? குடிநீர் எங்கிருந்து வருகிறது? பக்கத்து ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? எந்தத் தெருவில் யார் நடக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்? இரவில் எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறார்கள்? கற்பனை நாடானாலும் இக்கேள்விகளுக்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். விடைகளில் பத்தில் ஒன்றை எழுதினால் போதும். மற்ற ஒன்பதும் உங்கள் பாத்திரங்களின் நடையில் தெரியும்.

நம் நாட்டில் போதுமான அளவு எழுதப்படாத ஊர்கள் இன்னும் ஏராளம். உப்பளங்கள், செங்கல் சூளைகள், பின்னலாடை ஆலைகள், நெடுஞ்சாலை ஓரத்துப் புதுக் குடியிருப்புகள் எல்லாம் தம் கதைக்காரருக்காகக் காத்திருக்கின்றன. அங்கே போய், அங்கு வாழ்கிறவர்களோடு பேசுங்கள். அவர்கள் சொல்லைக் கேட்டு எழுதுங்கள். அந்த மண்ணுக்கு உண்மையாக இருப்பதே எழுத்தாளரின் முதல் கடமை.