எழுத்துக்குப் பூட்டு எதற்கு?

(சாத்தூரில் கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில் தீக்குச்சியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை என்பதை அறிவேன். ஆயினும், கணினியைப் பற்றிப் பேச வந்த நான் தீக்குச்சியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

சாத்தூர்ப் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துச் சிவகாசிப் பெட்டியின் பக்கவாட்டில் உரசுங்கள்; பற்றும். கோவில்பட்டிப் பெட்டியில் உரசுங்கள், பற்றும். குச்சியின் தலையிலே பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டியின் பக்கத்திலே சிவப்புப் பாஸ்பரசு. இந்தப் பொருத்தம் எந்த முதலாளியின் பெட்டகத்திலும் பூட்டிக் கிடக்கவில்லை. 1922-இல் கல்கத்தா சென்று தொழில் பயின்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பி வந்து, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதே ஆண்டில் சுவீடன் நாட்டுப் பெருநிறுவனம் விம்கோ என்ற பெயரில் இந்நாட்டில் கால் ஊன்றியது. இயந்திரத்தோடு வந்தவர்களின் எதிரே கையால் குச்சி அடுக்கியவர்கள் பிழைத்து நின்றார்கள். அந்தப் பிழைப்புக்குப் பெண்களும் பிள்ளைகளும் கொடுத்த விலை கொடியது. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவே: விம்கோ குச்சி விம்கோ பெட்டியில்தான் பற்றும் என்றிருந்தால், சிறியவன் சந்தைக்குள் நுழைந்தே இருக்க முடியாது.

"எங்கள் குச்சி எங்கள் பெட்டியில் மட்டுமே பற்றும், பெட்டி நனைந்துபோனால் குச்சிகளையும் குப்பையில் கொட்டிவிட்டு எங்களிடமே புதிதாக வாங்குக" என்று ஒரு நிறுவனம் சொல்லியிருந்தால் நம் வீட்டுத் தாய்மார்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்தச் சொற்களை இந்த மேடையில் சொல்ல இயலாது. அடுப்பங்கரையில் ஒரு நாள்கூடப் பொறுக்கப்படாத அந்த அநீதியை அலுவலகத்திலும் அச்சகத்திலும், கழகக் கிளைகளிலுங்கூட, ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர்பெற்ற ஊர். பந்துமுனைப் பேனா வந்து அத்தொழிலை நலிவித்தது வேறு கதை. சாத்தூர் நிப்பு எந்த மையையும் ஏற்றது; எந்த மொழியையும் எழுதியது; கலெக்டருக்கு மனுவும் எழுதியது, காதலிக்குக் கடிதமும் எழுதியது. எழுதிய தாளை வேறு ஊரில் படிக்க வேண்டுமானால் அங்கேயும் சாத்தூர் நிப்பு இருந்தாக வேண்டும் என்று எவரும் சொன்னதில்லை. கணினிக்குள் தமிழ் நுழைந்தபோது அப்படித்தான் சொன்னார்கள்!

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். இன்ன எண் வந்தால் இன்ன எழுத்தைக் காட்டு என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. அந்நாளைய ஏற்பாட்டில் 256 இடங்கள் இருந்தன. முதற்பாதியில் ஆங்கிலம் அமர்ந்துவிட்டது. தமிழுக்குத் தனி இருக்கை இல்லை. ஆகவே எழுத்துரு செய்தவர்களில் பலர் ஆங்கில எழுத்தின் இருக்கையிலேயே தமிழெழுத்தின் உருவத்தை ஒட்டிவைத்தனர். ஒருவர் தகரத்தை ஓரிடத்தில் வைத்தார். இன்னொருவர் வேறிடத்தில் வைத்தார். பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால், கணினி உள்ளே பதிந்துவைப்பது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னே ஓர் அரைப்புள்ளி! திரையிலே தமிழ், உள்ளே தமிழ் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அக்கோப்பை அனுப்பினால் முகமூடி கழன்று விழும். பொருளற்ற ஆங்கிலக் குப்பை எஞ்சும். கோப்புக்குள்ளே ஒரு பெயரைத் தேடினாலும் அகப்படாது. தமிழ் அங்கே இருந்தால்தானே அகப்படும்!

இந்தத் தொல்லையைச் சிவகாசி அச்சகத் தோழர்களிடம் கேளுங்கள். நாள்காட்டிக்குரிய வாசகம் ஓர் எழுத்துருவில் வரும். அச்சகத்தில் வேறோர் எழுத்துரு இருக்கும். மறுபடி தட்டு, மறுபடி பிழை திருத்து. பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அது பொதுக் குறியேற்றத் தமிழை அறியாது. அதில் பழகிய கைகள் அதை எளிதில் விடுவதில்லை. நான் அவர்களைக் குறை கூறேன். கூலிக்கு உழைப்பவன் கருவியை மாற்ற வேண்டுமானால், மாற்றிப் பழகும் நாள்களின் கூலியை யார் கொடுப்பது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முன்வந்தவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, முரசு அஞ்சல் படைத்த மலேசியாவின் முத்து நெடுமாறன், மயிலை எழுத்துருவை விலையின்றி உலகுக்கு வழங்கிய சுவிட்சர்லாந்துவாழ் கல்யாணசுந்தரம் போன்றோர் கடல் கடந்த ஊர்களில் இருந்துகொண்டு இதே சிந்தனையாய் இருந்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. கலைஞர் முதலமைச்சராக இருந்த அவ்வாண்டு ஜூனில், டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே ஏறும். 'அம்மா' என்று தட்டிப் பாருங்கள். தமிழின் இயல்பை அறிந்தவர்கள் செய்த பலகை என்பது விரலுக்கே விளங்கும்.

இதற்கிடையே உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி, 1991-இலேயே பிறந்திருந்தது. அதில் ககரத்துக்கு ஓர் எண், ழகரத்துக்கு ஓர் எண். சாத்தூரிலும் அதே எண், சான் பிரான்சிஸ்கோவிலும் அதே எண். விண்டோஸ் 2000 பதிப்பிலேயே அத்தமிழ் இடம்பெற்றது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்று கைப்பேசியில் தமிழில் ஒரு செய்தி அனுப்பினால் கனடாவில் இருக்கும் மருமகன் அதைப் படிக்கிறான் என்றால், அது எந்த ஒரு நிறுவனத்தின் கருணையும் அன்று. எல்லோரும் ஒரே எண்ணை ஒப்புக்கொண்டதன் விளைவு.

ஒருங்குறியில் குறை இல்லையா? உண்டு. நடுவணரசு 1988-இல் வகுத்த இஸ்கி அமைப்பின் வார்ப்பில் அது செய்யப்பட்டது. தேவநாகரியின் சட்டையைத் தமிழுக்கு மாட்டியதால், நமக்கு வேண்டாத இடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. 'க்' என்னும் மெய்யோ இரண்டு எண்களாக நிற்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் டேஸ்16 என்னும் மாற்றை நம் அறிஞர்கள் வகுத்ததும், ஒருங்குறி செயற்படாத இடத்துக்கு அதை 2010 ஆணை அனுமதித்ததும் அதனால்தான். அவர்களுடைய மனக்குறை நியாயமானது. ஆயினும் என் கருத்து வேறு. ஊரே குடியேறிவிட்ட தெருவில் வாசற்படி கோணல் என்பதற்காக எல்லா வீட்டையும் இடிக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது.

தரம் திறந்தது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வழக்காட இடம் இருக்கிறது. 2010-இல் கிரந்தத்துக்கு ஒருங்குறியில் ஒரு பகுதி ஒதுக்கும் முன்மொழிவு வந்தது. அதனுள்ளே எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்துகளையும் அடக்க முற்பட்டார்கள். முன்மொழிவு எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருந்ததால் நம்மவர்கள் படித்தார்கள், கொதித்தார்கள், கொதித்ததோடு நில்லாமல் காரணம் காட்டி எழுதினார்கள். தமிழ்நாடு அரசும் மறுப்புத் தெரிவித்தது. முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014-இல் கிரந்தப் பகுதி வெளிவந்தபோது அதில் அந்தத் தமிழெழுத்துகள் இல்லை. ஒரு நிறுவனத்தின் பூட்டிய அறையில் இது நடந்திருந்தால், பொருள் கடைக்கு வந்த பிறகன்றோ நமக்குத் தெரிந்திருக்கும்! எதிர்ப்பதற்கு மட்டுமன்று, கேட்டுப் பெறுவதற்கும் அந்த இடம் உதவியது. முந்திரி, காணி, மா என்று நம் முன்னோர் கணக்கெழுதிய பின்னக் குறிகள் 2019-இல் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில் ஏறின. பழைய கடைக்கணக்கைக் கணினியில் உள்ளபடியே எழுத இன்று வழி இருக்கிறது.

பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டாரே, எவரிடம் உரிமம் வாங்கினார்? லை, னை, றா, னா என்று அவர் அச்சிட்ட வடிவங்கள் 1978-இல் அரசாணையாயின. எழுத்து எவருடைய சொத்தும் அன்று என்பதால் அவரால் அதில் கைவைக்க முடிந்தது.

தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "வேலையில்லை, விலைவாசி ஏறுகிறது, இந்நேரத்தில் எண்ணையும் எழுத்துருவையும் பேசிக்கொண்டிருக்கலாமா?" அவருக்கு வாக்காளர் பட்டியலை நினைவூட்ட விரும்புகிறேன்.

பட்டியல் கணினியில் ஆயத்தமாகிறது. கணினிக்குள் அது தேடத்தக்க எழுத்தாகவே இருக்கிறது. நமக்குத் தரும்போதோ, ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கித் தருகிறார்கள். படத்திலே பெயரைத் தேட முடியாது. ஒரே பெயர் இரண்டு பாகங்களில் இருக்கிறதா, இறந்தவர் பெயர் நீங்கியதா என்று ஒப்பிட முடியாது. மத்தியப் பிரதேசக் காங்கிரசின் கமல்நாத், தேடத்தக்க வடிவில் பட்டியலைத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சென்றார். 2018 அக்டோபரில் அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று. வேண்டுவோர் தம் முயற்சியால் மாற்றிக்கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் கருத்து. 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி, பெங்களூரின் மகாதேவபுராத் தொகுதிப் பட்டியலைத் தம் கட்சியினர் தாள் தாளாகப் புரட்டி ஒப்பிட ஆறு மாதம் ஆயிற்று என்றார். கணினி நொடியில் செய்யும் வேலைக்கு ஆறு மாதம்!

வாக்காளரின் விவரங்களைப் பிறர் அள்ளிச் சென்றுவிடுவார்கள் என்று ஆணையம் அஞ்சுகிறது. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். ஆனால் படமாக்குவது எவரைத் தடுக்கிறது? பணம் படைத்தவன் படத்தை எழுத்தாக்கும் இயந்திரத்தை வாங்கிவிடுவான். தடுக்கப்படுபவர் நம் வாக்குச்சாவடி முகவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரவெல்லாம் பெயர் பார்க்கும் அந்த ஏழைத் தோழர். வடிவத்தைப் பூட்டினால் வாக்குரிமையைக் காக்கும் கையும் கட்டுண்டு போகிறது.

அரசுக்கு இந்த நெறி தெரியாததன்று. மின்னாளுகைக்குத் திறந்த தரங்களையே கைக்கொள்ளவேண்டும், அவற்றைப் பயன்படுத்த உரிமத்தொகை கூடாது என்று நடுவணரசே 2010 நவம்பரில் கொள்கை அறிவித்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியும் நெடுங்காலமாயிற்று.

பெருநிறுவனங்கள் இதற்கெல்லாம் உடன்படுமா என்ற ஐயம் சிலருக்கு எழும். தேநீர்க்கடைக்குப் போங்கள். முன்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கட்டச் சித்திரமாகச் சுவர் முழுதும் ஒட்டியிருப்பார்கள். இன்று ஒன்று போதும், எந்தச் செயலியாலும் பணம் செலுத்தலாம். தத்தம் சித்திரத்தைத் தம் செயலிக்கு மட்டும் பூட்டிவைத்திருந்த நிறுவனங்கள் 2022 மார்ச் 31-க்குள் பொதுவானதற்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் ஆணையிட்டது, மாறினார்கள். ஐரோப்பாவில் புதிய கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே வகை மின்னேற்று முனை 2024 டிசம்பர் 28 முதல் சட்டமாயிற்று. ஆப்பிள் நிறுவனமும் பணிந்தது. சட்டம் உறுதியாய் நின்றால் பூட்டு திறக்கிறது.

அரசைக் கேட்குமுன் நம் வீட்டைப் பார்ப்போம். ஒரு கிளையின் பழைய தீர்மானக் கோப்புகளை அண்மையில் திறந்து பார்த்தேன். உழைத்துத் தட்டியிருக்கிறார்கள், திரையில் வந்ததோ, நான் முன்பு சொன்ன அரைப்புள்ளிக் குப்பைதான். அந்த எழுத்துரு இருந்த கணினி என்றோ பழுதாகிவிட்டது. ஆயினும் உள்ளே உள்ளது அழியவில்லை. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. கல்யாணசுந்தரம் முதலானோர் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், முன்பு டிஸ்கி என்னும் குறியேற்றத்தில் ஏற்றிய நூல்களையும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிட்டது. டிஸ்கியின் அட்டவணை எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. ஆகவே மாற்றமும் எளிதாயிற்று.

சாத்தூர் வட்டாரத்துக் கிளைகள் தம் பழைய கோப்புகளை ஒரு நினைவுக்கோலில் எடுத்து வரட்டும். இந்த எழுத்துருவில் தட்டியது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கட்டினால் போதும். இனித் தட்டுவது அனைத்தும் ஒருங்குறியில் இருக்கட்டும். பழைய தட்டச்சு முறையில் பழகிய தோழர்கள் கலங்க வேண்டா. அதே விரலமைப்பில் ஒருங்குறியைத் தட்டவும் வசதி உண்டு. மாற்றும் வேலையை இளைஞர்கள் செய்யட்டும். மாற்றியதைச் சரிபார்க்கும்போது, அன்று தட்டியவர்களே அருகில் அமர வேண்டும். ணகரமும் னகரமும் எங்கே இடம் மாறின என்பது அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும்.