கைத்தொலைபேசியும் முள்ளந்தண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மண்டபத்துள் நுழையும்போது வாசற் படியில் இளைஞர் சிலரைக் கண்டேன். எல்லோரும் கழுத்தைக் கவிழ்த்துக் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். “முதுகைக் கூனாக்குகிற சாமான்” என்று பெரியோர்கள் ஏசும் அதே பொருளைக் கொண்டு முதுகின் வளைவை அளப்பது பற்றியே நான் பேச வந்துள்ளேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முள்ளந்தண்டு வளைந்தே இருக்கும், இருக்கவும் வேண்டும். பின்னாலிருந்து பார்த்தாலோ அது நேராக இருத்தல் வேண்டும். அங்கே அது இடமோ வலமோ வளைந்து, கூடவே முறுக்கியும் நின்றால் அதனை ஸ்கோலியோசிஸ் என்பர். ஊடுகதிர்ப் படத்தில் 10 பாகையும் அதற்கு மேலும் வளைந்திருந்தால்தான் அப்பெயர். வளரிளம் பருவத்தினருள் நூற்றுக்கு இருவர் மூவரிடம் இது உண்டு. பெரிய வளைவுகள் பெண்பிள்ளைகளிடமே மிகுதி. பெரும்பாலோரிடம் காரணம் இன்னதென்று தெரியவில்லை. புத்தகப் பையாலோ, கோணலாகக் கதிரையில் இருப்பதாலோ இது வருவதில்லை.

இதை நான் அறிந்துகொண்டது வீட்டில் நடந்த ஒரு தவறினால். என் தங்கைக்கு அப்போது பன்னிரண்டு வயது. உடல் நிலையை மதிப்பிடும் செயலி ஒன்றை எனது தொலைபேசியில் இறக்கி, அவளைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்தேன். காதிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து இடுப்புக்கும் கோடு கீறி, நூற்றுக்கு 82 புள்ளி என்றது. பரீட்சையில் தேறியதுபோல வீடே மகிழ்ந்தது. அதன்பின் புள்ளி குறையும் நாளெல்லாம் அவளுக்கு ஏச்சு. சில மாதம் கழித்துப் பாடசாலைச் சட்டை தைக்கப் போன இடத்தில் தையற்காரி, “பிள்ளைக்கு ஒரு தோள் இறங்கி நிக்குது, சட்டை விளிம்பும் ஒரு பக்கம் தூக்குது” என்றார். “நேராய் நில் பிள்ளை” என்றார் அம்மா. விஞ்ஞானம் படிக்கும் நானும் அதையே சொன்னேன். எங்கள் செயலி பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்தது. பின்னாலிருந்து பார்த்தவர் தையற்காரி ஒருவரே.

பின்னர்தான் தேடிப் படித்தேன். பிள்ளையை முன்னே குனியச் செய்து முதுகைப் பார்க்கும் முறையை 1865 இல் வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் கூறினார். முள்ளந்தண்டு முறுக்கினால் விலா என்புகளும் உடன் திரும்பி ஒரு பக்கம் மேடாகும். குனிந்தால் அம்மேடு தெளிவாகத் தெரியும். 1948 இல் அமெரிக்கரான ஜோன் கொப் ஊடுகதிர்ப் படத்தில் கோணம் அளக்கும் முறையைத் தந்தார். 1984 இல் வில்லியம் பனல், குனிந்த முதுகின் குறுக்கே வைத்துச் சரிவை அளக்கும் ஸ்கோலியோமீற்றர் என்ற எளிய கருவியை அறிமுகம் செய்தார். தச்சரின் நீர்மட்டத்துக்கு அது தம்பி முறை எனலாம்.

ஸ்மார்ட் போனுக்குள்ளும் ஒரு நீர்மட்டம் உண்டு. அதன் ஆர்முடுகல்மானியில் மயிரிழையினும் நுண்ணிய வில்களில் தொங்கும் சிலிக்கன் துண்டு இருக்கிறது. தொலைபேசி சரியும்போது புவியீர்ப்பு அத்துண்டைச் சற்று இழுக்க, மின்கொள்ளளவம் மாறுகிறது. அதிலிருந்து சரிவுக் கோணம் கணிக்கப்படுகிறது. 2012 இல் பிறிஸ்பேன் ஆய்வாளர்கள் ஐபோனையும் ஸ்கோலியோமீற்றரையும் ஒப்பிட்டனர். இரண்டும் நெருங்கிய அளவுகளையே தந்தன. ஆனால் அவர்கள் தொலைபேசியை வெறுமனே வைக்கவில்லை. முள்ளென்பு நடுவில் துருத்தி நிற்பதால் தட்டையான விளிம்பு அதன்மேல் ஆடும். ஆதலால் நடுவில் வெட்டுள்ள அக்ரிலிக் உறையொன்றைப் பொருத்தினர்.

அளக்கும் விதம் இது. பிள்ளை பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காது, உள்ளங்கைகளைப் பொருத்தி மெல்லக் குனிய வேண்டும். அளப்பவர் பின்னால் நின்று, மேல் முதுகிலிருந்து இடுப்பு வரை குறுக்காக வைத்து நகர்த்தி, மிகப் பெரிய எண்ணைக் குறிக்க வேண்டும். அதற்கு முன் தொலைபேசியை மேசையில் வைத்துப் பார்த்து, முனை மாற்றி வைத்தும் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் கோளாறு தொலைபேசியில். பனல் முதலில் 5 பாகையையும் பின்னர் 7 பாகையையும் வைத்தியரிடம் அனுப்பும் எல்லையாகச் சொன்னார். இந்த எண் முதுகின் சரிவு மட்டுமே. படத்தில் அளக்கும் கொப் கோணம் வேறு. அதிலிருந்து இதை வீட்டில் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. ஓரிரு பாகை ஏறி இறங்குவது அளப்பவர் கையில் வரும் பிழையாகவும் இருக்கலாம். தினமும் அளந்து பிள்ளையை வதைக்க வேண்டாம்.

தங்கைக்குத் தொலைபேசி 9 பாகை காட்டியது. வைத்தியசாலையில் எடுத்த படத்தில் கொப் கோணம் 27 பாகை. வளரும் வயது மிச்சம் இருந்தமையால் முதுகுக் கவசம் அணியச் சொன்னார்கள். 2013 இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வொன்றில், கவசம் அணிந்தோருள் 72 வீதமானோருக்கு வளர்ச்சி முடியும்போது வளைவு 50 பாகைக்குக் கீழே நின்றது; வெறுமனே அவதானிக்கப்பட்டோருள் 48 வீதம். வளர்ச்சி நின்றபின் கவசத்தால் பயனில்லை. செயலி தந்த புள்ளியில் நாங்கள் களித்திருந்த மாதங்கள் அந்தக் கணக்கில் சேர்ந்தவை.

பெரியோர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தையற்காரி சொன்னதை அம்மா அயலில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பெண்பிள்ளை, நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும் என்ற பயம். இப்பயம் எங்கள் வீட்டில் மட்டும் உள்ளதன்று. வெயிலில் வெள்ளைச் சட்டைக்குள் கவசத்தோடு பாடசாலை போகிறவள், “ஏன் ஒளிக்க வேண்டும்?” என்று கேட்டாள். இதை இங்கே சொல்ல அனுமதி தந்தவளும் அவளே.

கூட்டம் முடிந்ததும் பத்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளைப் பார்க்க ஒழுங்கு செய்திருக்கிறோம். பெண்பிள்ளைகளை உள் அறையில் ஆசிரியை ஒருவர் தாய்மாரின் முன்னிலையில் அளப்பார். ஆண்பிள்ளைகள் நூலக அறைக்கு வரலாம். எண்ணைக் கடதாசியில் எழுதித் தாய் தந்தையர் கையில் மட்டும் கொடுப்போம்.