கேட்டுப் பெற வேண்டிய ஹக்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

உடற்குறையோடு வாழும் நம் சகோதர சகோதரிகளின் பெயர்கள் மஹல்லாக்களின் ஏடுகளில் எங்கே இடம்பெறுகின்றன என்று தேடினால், பெரும்பாலும் ஜகாத்தும் ஃபித்ராவும் பெறுவோரின் பட்டியலில்தான் காண்கிறோம். ரமளானில் அவர்களை நினைக்கிறோம், ஷவ்வாலில் மறந்துவிடுகிறோம். ஏழைக்கு ஜகாத் சேர வேண்டியதே. ஆனால் ஒருவருடைய ஹக்கை அவரிடம் ஒப்படைக்காமல், அதில் ஒரு சிறு பகுதியை ஸதகாவாக நீட்டுவது நமக்குத் தகுமா என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

திருக்குர்ஆனின் 80-ஆவது அத்தியாயமாகிய சூரத்து அபஸவின் தொடக்க வசனங்கள் யார் பொருட்டு அருளப்பெற்றன என்பதை நாம் அறிவோம். பார்வையற்ற ஸஹாபியான ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகத்திற்குப் பொருளுதவி வேண்டி வரவில்லை. மார்க்க அறிவைக் கேட்டு வந்தார்கள். பிற்காலத்தில் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவின் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைத்துச் சென்றதுண்டு. கேட்க வந்தவரின் குரலுக்கு மார்க்கம் அளித்த மதிப்பு இது.

இனி நாட்டின் சட்டத்திற்கு வருவோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அவற்றை 21 ஆக விரித்தது. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் உள்ளது. தலசீமியா, ஹீமோஃபிலியா, பார்க்கின்சன் நோய், ஆட்டிசம், அமிலவீச்சால் உருக்குலைந்தவர்களின் நிலை ஆகியனவும் இன்று இப்பட்டியலில் உள்ளன. தம் வீட்டுப் பிள்ளைக்கு இச்சட்டம் பொருந்தும் என்பதையே அறியாத பெற்றோர் நம்மிடையே இருக்கக்கூடும்.

40 விழுக்காடு என்ற அளவு பலரையும் குழப்புகிறது. அரசுப் பணியில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு ஒதுக்கீடு போன்றவற்றிற்கு அந்த அளவு தேவை. பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருப்பதற்கும், நியாயமான வசதி கேட்பதற்கும் அது நிபந்தனையன்று. எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடுள்ள ஒரு மாணவர், குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுதித்தர ஒருவரை அனுமதிக்குமாறு கோரினார். 40 விழுக்காடு இல்லை என்று அது மறுக்கப்பட்டது. 2021-இல் உச்சநீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. இத்தீர்ப்பைத் தேர்வெழுதும் நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

பணியிலிருக்கும்போது உறுப்பிழந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். அரசு நிறுவன ஊழியர் ஒருவர் அவ்வாறு குறைபாடு அடைந்தால், அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20-ஆவது பிரிவு. பழைய வேலை இயலாதெனில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தரப்பட வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்வுரிமை இருந்தது. கால் துண்டிக்கப்பட்ட காவலர் ஒருவருக்கு 2003-இல் உச்சநீதிமன்றம் அதை நிலைநாட்டியது. ஆகவே, “இனி இவரால் ஆகாது” என்று யாரேனும் நீட்டும் விருப்ப ஓய்வுத் தாளில் அவசரப்பட்டுக் கையொப்பமிட்டுவிட வேண்டாம்.

இவ்வுரிமைகளை எப்படிக் கேட்பது? எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு நாளை சாட்சி இராது. என்ன தேவை, எந்தப் பிரிவின்படி என்பதைச் சுருக்கமாக எழுதி, ஒப்புகை பெற்று, நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கெனக் குறைதீர் அலுவலர் ஒருவரும், புகார்ப் பதிவேடு ஒன்றும் இருக்க வேண்டும் என்கிறது 23-ஆவது பிரிவு. பதிவான புகாரை 2 வாரங்களுக்குள் விசாரித்தாக வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்பதே சில இடங்களில் பாதி வேலையை முடித்துவிடும்! அங்கும் நீதி கிட்டாவிடில் மாவட்டக் குழு உண்டு. மாநில ஆணையர் உண்டு. விசாரணையில் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளி என்ற ஒரு காரணமே இலவசச் சட்ட உதவிக்குப் போதுமானது. வருமான வரம்பு அவருக்குப் பொருந்தாது.

அரசாங்கத்திடம் கேட்பது எளிது. நம் வீட்டுக்குள் கேட்பதுதான் கடினம். தகப்பனார் மவுத்தான பின் சொத்துப் பிரிக்கும் நாளில், பார்வையற்ற சகோதரியின் பங்கு என்னவாகிறது? “அவளுக்கு எதற்குத் தனிப்பங்கு? காலமெல்லாம் நாங்கள்தாமே சோறு போடப்போகிறோம்” என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் அவள் கைநாட்டை வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை நாம் அறியாதவர்களா? ஃபராயிள் சட்டத்தில் வாரிசின் பங்கு மறுக்கப்படுவதற்குரிய காரணங்களுள் உடற்குறை இல்லை. மனவளர்ச்சிக் குறையும் இல்லை. பார்வையுள்ள மகளுக்கு எவ்வளவோ, பார்வையற்ற மகளுக்கும் அவ்வளவே. சோறு போடுவது சகோதரனின் கடமை. அதற்கு விலையாகப் பங்கை எடுத்துக்கொள்ள அவனுக்கு உரிமை கொடுத்தவர் யார்?

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சொத்துடைமை, வாரிசுரிமை, தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கும் உரிமை ஆகியன பிறருக்குப் போலவே மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது 13-ஆவது பிரிவு. அதே பிரிவில் மற்றொரு விதி உண்டு: உதவி செய்பவரின் நலனும் மாற்றுத்திறனாளியின் நலனும் மோதுகின்ற சொத்து விவகாரத்தில், அவ்வுதவியாளர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பங்கைப் பெறப்போகும் அண்ணனே தங்கைக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டுபவராக இருக்கலாகாது என்று இதை நாம் விளங்கிக்கொள்ளலாம். இத்தகைய பத்திரம் எழுதப்படும் முன், பங்கில் தொடர்பில்லாத ஒருவர் அதை அந்தச் சகோதரிக்குத் தனியே வாசித்துக் காட்டும் பொறுப்பை ஜமாஅத் ஏற்குமாயின், பல வீடுகளில் கண்ணீர் மிச்சமாகும்.

தாமாக முடிவெடுக்க இயலாத பிள்ளைகளைப் பெற்றோர், “எங்களுக்குப் பின் யார்?” என்று உறக்கமின்றித் தவிக்கின்றனர். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு உள்ளானோருக்கு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். நியமிக்கப்பட்டவர் 6 மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலை இது.

நிறைவாக, அல்லாஹ்வின் இல்லத்தைப் பற்றி. பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டிடங்களும், சமயக் காரியங்களுக்கான கட்டிடங்களும் சட்டத்தின் பார்வையில் பொதுக்கட்டிடங்களே. அவற்றை மாற்றுத்திறனாளிகள் வந்து செல்லத்தக்கனவாக ஆக்குவதற்கு அளிக்கப்பட்ட 5 ஆண்டுக் கெடு 2022 ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டது. இத்தகைய வசதிகளை விரும்பினால் செய்யும் பரிந்துரையாக விட்டுவிட முடியாது என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது. பள்ளிவாசல்களுக்குப் பளிங்கும் மினாராவும் வைக்கக் கைகொடுத்த நாம், சாய்தளத்தை ஏனோ மறந்துவிட்டோம்.

அதன் கணக்கு எளியது. ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளம் வேண்டும். அரை அடி உயரத்தில் 3 படிகள் இருக்குமானால், சாய்தளம் 18 அடி நீளம் இருக்க வேண்டும். இடமில்லை என்று இதைக் குறுக்கினால், சக்கர நாற்காலி பின்னோக்கி உருண்டுவிடும். ஒளுச் செய்யுமிடத்தில் ஒரு குழாயையாவது அமர்ந்தபடியே எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். அருகில் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பியும், வாசலில் சக்கரங்களைத் துடைக்கத் துணியும் இருக்கட்டும். கொத்தனார் கல் வைப்பதற்கு முன், நாற்காலியில் வரும் சகோதரர்களையே அழைத்து, உருட்டிப் பார்க்கச் சொல்லி, அளவைக் கேட்டுக்கொள்ளுமாறு நிர்வாகத்தினரை வேண்டிக்கொள்கிறோம்.