பேறுகால ஆயத்தமும் தறிவீட்டார் கடமையும்

(தாமலில் நம் சங்கத்தார் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பேறுகால ஆயத்தம். இது பெண்டிர் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்றே, ஆடவர் நிறைந்த அவையில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோர் பொருட்டே இதனைப் பேசத் துணிந்தோம். கருவைத் தாங்குபவள் பெண்ணே. ஆயினும் அவள் எதை உண்பது, எத்தனை நேரம் தறியில் அமர்வது, எந்நாளில் ஆஸ்பத்திரிக்குப் போவது என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது வீடு. அவ்வீட்டின் பணப்பெட்டிச் சாவி பெரும்பாலும் ஆடவர் கையில் இருக்கின்றது. ஆதலின் இப்பேச்சில் பாதி அவர்களுக்கே உரியது.

தாமல் பழம்பெருமை வாய்ந்த ஊர். தொண்டைமண்டலத்துக் கோட்டங்களுள் தாமர்க் கோட்டம் என்னும் பெயரை அறியாதார் இலர். காஞ்சிக்கு மேற்கே, பெங்களூர்ச் சாலையை ஒட்டிக் கடல்போற் பரந்த ஏரியோடு விளங்கும் இவ்வூரிலும், காஞ்சியைச் சூழ்ந்த மற்றை ஊர்களிலும் நம் குலத்தொழிலாகிய நெசவு வீட்டிற்குள்ளேயே நிகழ்கின்றது. வீடே தொழிற்சாலை, குடும்பமே தொழிலாளர். பிறர் கண்டு மயங்கும் பட்டுச் சேலையில் நெய்பவன் பெயர் சொல்லப்படுகின்றது. அதற்குத் தார் சுற்றியவள், பாவு பிணைக்கையில் இழை எடுத்துக் கொடுத்தவள், கோர்வைக்கு மறுபுறம் அமர்ந்து நாடா எறிந்தவள் பெயர் எங்கும் சொல்லப்படுவதில்லை. கூலிச் சீட்டிலும் ஏறுவதில்லை. இச்செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே கேட்க வேண்டுகிறோம்.

நம் நாட்டில் பிரசவ வைத்தியம் அடைந்த வளர்ச்சி சிறிதன்று. சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி தோன்றியது 1844-ஆம் ஆண்டில். ஆண் வைத்தியரிடம் வரக் கூசிய பெண்டிர் பொருட்டு மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1885-இல் தனி ஆஸ்பத்திரி ஒன்று ஏற்படக் காரணமாயிருந்தார். அதுவே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியாக விளங்குகின்றது. புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தகையோர் உழைப்பின் பயனை இன்று கண்கூடாகக் காண்கிறோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்ந்தன. 2001–03-இல் ஒரு லட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018–20-இல் அத்தொகை 54 ஆகக் குறைந்தது. அக்காலத்தில் இந்தியா முழுமைக்கும் கணக்கு 97.

இது மகிழத்தக்கதே. எனினும் 54 என்பது வெறும் எண்ணன்று. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு. அன்றியும் ஆஸ்பத்திரி அவளை மூன்று நாளோ ஒரு வாரமோ வைத்துக் காப்பாற்றும். கருவுற்ற ஏறத்தாழ 280 நாட்களும், பெற்றபின் வரும் 42 நாட்களும் அவள் இருப்பது நம் வீட்டில். பிரசவம் நிகழும் இடம் மாறிவிட்டது. வீடு மாறியதா என்பதே நம் கேள்வி.

பம்பாய் மாகாணத்தில் ஆலைப் பெண்களுக்குப் பேறுகாலச் சட்டம் 1929-இல் வந்தது. 1961-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் ஏற்பட்டு, 2017-இல் 12 வார விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. தமிழ்நாட்டு அரசு உத்தியோகத்திலுள்ள பெண்ணுக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நன்று. வீட்டுத் தறியில் உழைக்கும் நம் மருமகளுக்கு விடுப்புத் தருபவர் யார்? அவளுக்கு முதலாளி இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. எந்தச் சட்டமும் நம் திண்ணையைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அவளுக்கு விடுப்புத் தர வேண்டியவர்கள் நாமே. நாம் தராவிடின் வேறொருவரும் தரார்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். வளைகாப்பிட்டு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்பினார்களே, அது சடங்கின் உருவில் அமைந்த விடுப்பேயாகும். ஆனால் அவ்வழக்கம் முதற்பேற்றோடு நின்றுவிடுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, இரண்டாம் பிரசவத்துக்குத் தறிவீடு என்றாகிவிட்டது. மூத்த குழந்தையை இடுப்பிலும் இளைய குழந்தையை வயிற்றிலும் சுமந்துகொண்டு அவள் தார் சுற்றுகிறாள். உட்கார்ந்து செய்யும் இலேசான வேலைதானே என்கிறோம். நெடுநேரம் குனிந்து அமர்வதால் இடுப்பு நோகிறது, கால் வீங்குகிறது. எழுந்து போக நேருமே என்று தண்ணீர் குடியாமல் அடக்குவதால் நீர்க்கடுப்பு உண்டாகிறது. வேலையை அறவே விடச் சொல்லவில்லை. அரைமணிக்கொரு முறை எழுந்து நடக்கவும், பகலில் இடப்பக்கம் சாய்ந்து சற்றுப் படுக்கவும், பாரம் தூக்காதிருக்கவும், எட்டாம் மாதத்தோடு தறியை விட்டு இறங்கவும் அவளுக்கு உரிமை வேண்டும் என்கிறோம்.

இனி ஆயத்தம் எப்போது தொடங்குவது? பாவு சரியாக அமையாத தறியில் நாடா எறிந்து பயனில்லை என்பது நமக்குத் தெரியும். அதுபோல் ஆயத்தமும் கருவுறும் முன்னரே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழல் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளியது என்று தாய் அறியும் வேளையில் அவ்வேலை பெரிதும் முடிந்துவிடும். அது குறையின்றி அமைய ஃபோலிக் அமிலம் என்னும் சத்து வேண்டும். ஆகையால் குழந்தை வேண்டுமென்று எண்ணும் தம்பதிகள், ஒரு மாதம் முன்பிருந்தே அம்மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் பெறல் வேண்டும்.

அடுத்தது இரத்தச் சோகை. மேற்கூறிய ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேரும் சோகையுடையவர்களாகக் காணப்பட்டனர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்குச் சோகை எனக் கொள்வர். பிரசவத்தின்போது ஒரே அளவு உதிரம் போனாலும், நல்ல இரத்தமுள்ளவள் தாங்குவாள், சோகையுள்ளவள் தாங்கமாட்டாள். அரசு கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை நான்காம் மாதம் முதல் 180 நாளும், பெற்றபின் 180 நாளும் உண்ண வேண்டும். மலம் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மாத்திரையைக் காப்பி, தேநீரோடு விழுங்கினால் சத்து உடலிற் சேராது. இரண்டிற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை இவையெல்லாம் நமக்கு எட்டாத பொருள்கள் அல்ல. வீட்டில் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது மருமகளின் முறை என்னும் வழக்கம் மட்டும் கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது.

கருவுற்றதை 12 வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்தல் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் அமைந்த மகப்பேறு உதவி 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பொருள்களையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அது ஏழைக் குடும்பங்களுக்கு உரியது. கேட்டுப் பெற நாணவேண்டுவதில்லை. ஆனால் அப்பணம் அவள் வயிற்றுக்கு வந்தது. பட்டுநூல் கடனை அடைக்க வந்ததன்று.

ஒவ்வொரு முறை போகும்போதும் இரத்த அழுத்தம், சிறுநீர், சர்க்கரை இவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டினால் அலட்சியம் செய்யலாகாது. தீராத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், உதிரம் படுதல், காய்ச்சல், நீர்க்குடம் உடைதல், பிள்ளை அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, உடன் செல்பவர் யார், மூத்த குழந்தையை யாரிடம் விடுவது, உதிரம் வேண்டின் கொடுக்க முன்வருபவர் இருவர் யார் என்பவற்றை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்து வைப்பதே ஆயத்தம். ஆண்மகன் செய்யவேண்டிய வேலை இதுவே.

இனிப் பெற்றபின் உள்ள காலம். வளைகாப்புக்கு ஊரைக் கூட்டும் நாம் இதனை மறந்துவிடுகிறோம். பெற்ற முதல் நாளில், அதிலும் முதல் இரண்டு மணி நேரத்தில், உதிரப்போக்கால் நேரும் ஆபத்து மிகுதி. வீடு வந்தபின்னும் துணி விரைந்து நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ கண்டாலோ உடனே திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும். வியன்னா நகரத்து டாக்டர் செம்மல்வைஸ் என்பார், வைத்தியர் கைகழுவினால் பிரசவ சுரத்தால் இறக்கும் தாய்மார் குறைவர் என்று 1847-இலேயே காட்டினார். குழந்தையைத் தூக்க வரும் உறவினரும் சோப்பிட்டுக் கைகழுவுவது அவமதிப்பன்று.

சீம்பாலைக் கறந்து கொட்டுவதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் இன்றும் சில வீடுகளில் உண்டு. அச்சீம்பால் குழந்தைக்கு நோய்தடுக்கும் முதல் மருந்து. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டியது. ஆறுமாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டுவதில்லை. பத்தியம் என்னும் பெயரால் தாய்க்குத் தண்ணீரையும் காய்கறியையும் மறுப்பது தகாது. பாலூட்டுபவளுக்கு உணவு முன்னிலும் மிகுதியாக வேண்டும். பூண்டும் கருவாடும் கொடுத்த பாட்டிமாரை நாம் குறைகூறவில்லை. பட்டினி போட்ட பத்தியத்தையே மறுக்கிறோம்.

இரண்டு வாரம் கடந்தும் அவள் காரணமின்றி அழுதாலோ, உறங்காது கிடந்தாலோ, குழந்தையைப் பாராது முகம் திருப்பினாலோ, அதனைப் பேய் என்றும் பிடிவாதம் என்றும் சொல்லாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் தீர்க்கத்தக்க நோயே. அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டாண்டு இடைவெளி விடுவது தாய்க்கும் சேய்க்கும் நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

தறி நின்றால் கூலி நிற்குமே, அடுப்பு எரிவது எங்ஙனம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதனை ஒதுக்கிவிட்டு அறிவுரை கூறுதல் எளிது. கருவுற்ற செய்தி தெரிந்த நாள் முதல் ஒவ்வொரு சேலைக் கூலியிலும் ஒரு சிறு பங்கை அவள் பெயரால் ஒதுக்குங்கள். எட்டாம் மாதத்தில் பாவு முடியுமாறு கணக்கிட்டுப் புதுப்பாவு பிணையுங்கள். அவள் இறங்கியபின் தார் சுற்றவும் கோர்வைக்குத் துணையிருக்கவும் பங்காளி வீட்டார் முறைவைத்து உதவட்டும். கலியாணத்திற்கும் சாவிற்கும் முறை செய்யும் நாம் பிறப்பிற்கும் அவ்வாறு செய்தலாகாதோ?

ஆகவே இச்சபையில் ஒன்று வேண்டுகிறோம். பெற்றபின் 42 நாட்கள் நம் வீட்டுப் பெண் எவளும் தறிக்குழியில் இறங்கலாகாது; வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கப்பட்டவள் டாக்டர் இசைவின்றி எந்நாளும் இறங்கலாகாது. முதற்பேறாயினும் மூன்றாம் பேறாயினும், தாய்வீடாயினும் மாமியார் வீடாயினும், இவ்விதி ஒன்றே. இதனை எழுதிச் சட்டமாக்குவார் வேறெவரும் இலர். ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் தம் மனையில் தாமே இயற்றித் தாமே காக்கவேண்டிய சட்டம் இது.

சேலையில் ஓர் இழை அறுந்தால் நம் கைகள் உடனே நின்று முடி போடுகின்றன. அந்தக் கவனத்தை நம் பெண்மக்கள்மீதும் வைப்போமாக. தாயும் சேயும் நலமுற்று வாழ்க!