வில்லங்கம் போட்டுப் பாருங்கள்!

(“பழைய வீட்டில் வாழ்ந்தவர்களை நமக்குக் காட்டுவது ஊர்ப்பேச்சா? எழுத்துப் பதிவா?” என்ற தலைப்பில், ‘எழுத்துப் பதிவே’ அணியில் பேசியது.)



எதிரணி அம்மா அழகாப் பேசினாங்க. “ஒரு வீட்டுல யார் இருந்தாங்கன்னு தெரியணுமா? திண்ணைப் பாட்டியைக் கேளுங்க, போதும்”னாங்க. சரி, கேட்போம். இந்த ஊரிலேயே பெரிய வீட்டைப் பற்றிக் கேட்போம். அதாங்க, செஞ்சிக் கோட்டை!

அந்த வீட்டுக்கு ஒரு வில்லங்கம் போட்டா என்ன வரும்? 1677இல் சிவாஜி. 1690 முதல் ராஜாராம் உள்ளே, ஜுல்பிகர் கான் வெளியே. 1698இல் முகலாயர். 1750இல் பிரெஞ்சுக்காரர். 1761இல் ஆங்கிலேயர். ஐயா, இத்தனை கை மாறின சொத்துக்கு எந்த பேங்க்கில் கடன் கொடுப்பான்? (சிரிப்பு) யுனெஸ்கோ மட்டும்தான் நம்பி, 2025இல் உலக மரபுச் சின்னமா ஏத்துக்கிட்டது!

பாட்டியைக் கேட்டா ஒரே பேர்தான் வரும்: தேசிங்கு ராஜா. அவர் ஆண்டது முழுசா ஒரு வருஷம்கூட இல்லை. 1714இல் போரில் மாண்டார். அவர் பேர் கதைப்பாட்டில் நிற்கிறது. நண்பர் பேர் நிற்கிறது. குதிரைக்குக்கூடப் பேர் இருக்கு! அவர் மனைவி? “ராணி”ங்கிறோம். அது பதவி! அவங்க நினைவாத்தான் ராணிப்பேட்டைன்னு சொல்வாங்க. ஊர்ப்பேரில் ராணி இருக்கு. பெத்தவங்க அந்தப் பொண்ணுக்கு வெச்ச பேர் எங்கே?

இது ராஜா வீட்டுக் கதை மட்டுமா? 1951–52இல் முதல் பொதுத்தேர்தல். பட்டியல் எழுத வந்தவரிடம் “இன்னார் சம்சாரம்”, “இன்னார் அம்மா” என்று மட்டும் சொல்லி, சொந்தப் பேரைச் சொல்ல மறுத்த பெண்கள் ஏராளம். பெரும்பாலும் வட மாநிலங்களில். சுமார் 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். எழுத்து கேட்டது ஐயா, வாய்தான் சொல்லலை! (கைதட்டல்)

வாடகைக்குக் குடியிருந்தவர் வில்லங்கத்தில் வரமாட்டாரேன்னு கேட்கலாம். உண்மைதான். ஆனா பழைய வாக்காளர் பட்டியலில் வருவார், கதவு எண்ணோட!

பழைய கிரயப் பத்திரத்தை எடுங்க. எழுதிக் கொடுத்தவர், அவர் தகப்பனார், எழுதி வாங்கினவர், சாட்சி, பத்திரம் எழுதினவர், எல்லார் பேரும் இருக்கும். அடுத்து நான்கெல்லை: வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்னார் மனை. சொந்தப் பத்திரம் தொலைஞ்சு போனவர்கூட, பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தில் எல்லையா நின்னுக்கிட்டிருப்பார்! உங்க வீட்டில் பத்திரம் இல்லையா? சார்பதிவாளர் ஆபீசில் மனு போட்டு நகல் வாங்கலாம்.

பாட்டி சொல்வது பொய்னு நான் சொல்லலை. பாட்டி எல்லாரையும் சொல்வாங்க. தன் பேரை மட்டும் சொல்ல மாட்டாங்க. அவங்க போனதுக்கப்புறம் யாரைக் கேட்பீங்க?

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துக்கொள்கிறேன். இன்னைக்கு ராத்திரியே டிரங்குப் பெட்டியைத் திறங்க. பத்திரத்தைப் பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுங்க. அதோட ஒரு நோட்டுப் புஸ்தகத்தில், இந்த வீட்டில் விளக்கேத்தின ஒவ்வொரு பெண்ணோட சொந்தப் பேரையும் எழுதி வையுங்க. வீடு இடியலாம், விற்கலாம். எழுதின பேர் குடியிருக்கும். ஆகவே எழுத்துப் பதிவே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.