கை நிறைய இலை, கால் நிறையச் சேறு

ரொறன்ரோவின் கிழக்கோரத்தில், ஸ்காபரோவை ஒட்டிக் கிடக்கிறது ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. ஒக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் நின்றால் இரண்டு சத்தங்கள் காதில் விழும். ஒன்று, காய்ந்த மேப்பிள் இலைகளைச் சின்னக் கால்கள் மிதித்துப் போகும் சரசரப்பு. மற்றது, பின்னாலேயே வரும் பெரியவரின் குரல்: "மண்ணைத் தொடாதை, உடுப்பெல்லாம் ஊத்தையாகப் போகுது!"

ஸ்காபரோ, தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கும் அம்மம்மாவின் கவலையில் நியாயம் உண்டு. உடுப்புத் தோய்ப்பவரும், பிள்ளைக்குச் சளி பிடித்தால் இரவெல்லாம் விழித்திருப்பவரும் அவரே. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைக்கவேண்டிய பாடம் முழுவதும் அந்த ஊத்தைக்குள்தான் இருக்கிறது. நனைந்த இலை வழுக்கும், காய்ந்த இலை நொறுங்கும், சேறு விரலிடுக்கில் பிதுங்கும். இவற்றை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. தோல்தான் படிக்கவேண்டும்.

சைமன் நிக்கல்சன் என்ற பிரித்தானியக் கலைஞர் 1971இல் எழுதிய ஒரு கட்டுரை, முன்பள்ளி ஆசிரியர்கள் இன்றும் எடுத்துப் பேசுவது. பிள்ளை தன் விருப்பப்படி நகர்த்த, அடுக்க, கலைக்கக்கூடிய பொருள்கள் எவ்வளவு கூடுதலாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அதன் கற்பனை விரியும் என்பது அவர் வாதம். ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரே பாட்டைப் பாடும் பொம்மையை, ஒரு கூடை உதிர்ந்த இலையோடு ஒப்பிட்டால் அவர் சொன்னது விளங்கும். இலை பணமாகும், மீனாகும், தோசையாகும், பொம்மைக்குப் போர்வையாகும். அதற்குக் காசும் இல்லை.

இலையில் இருந்தே தொடங்கலாம். பிள்ளையிடம் ஒரு பையைக் கொடுத்து, நிறத்துக்கு ஒன்றாகப் பொறுக்கச் சொன்னால் போதும். அரை மணி நேரம் ஓடிவிடும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை "ஏன் சிவப்பு?" என்று கேட்கும்போது உண்மையான பதிலையே சொல்லலாம். வெயில் குறைந்து குளிர் வரும்போது மரம் இலையின் பச்சையத்தைச் சிதைக்கிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்போ பெரும்பாலும் அந்த நாட்களில் இலை புதிதாக உண்டாக்கும் நிறம். மஞ்சள் ஒளிந்திருந்தது, சிவப்பு புதிதாக வந்தது. இந்த அளவு போதும்; பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் இலையை நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, மெல்லிய தாளால் மூடி, மெழுகு வண்ணக் குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்கவேண்டும். நரம்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வருவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம். இன்னும் சிறிய பிள்ளைக்குத் தயிரில் கொஞ்சம் மஞ்சள் தூளும், இன்னொரு கிண்ணத்தில் பீட்ரூட் சாறும் கலந்தால், வாயில் வைத்தாலும் பயமில்லாத வண்ணம் தயார். அதைத் தொட்டு இலையால் தாளில் அச்சுக் குத்தலாம். மஞ்சள் கறை உடுப்பில் இலேசில் போகாது. பழைய சட்டை போட்டுவிடுவது நல்லது.

பூசணிக்காய்க்குத் தனி இடம் உண்டு. ஹாலோவீனுக்கு முன்னால் கடைவாசல் எங்கும் குவிந்து கிடக்கும். கத்தி பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும். மூடியை வெட்டித் திறந்தபின் பிள்ளையின் கை உள்ளே போகவேண்டும். குளிர்ந்த, நார்நாரான, வழவழத்த அந்த உள்வயிறுபோல் ஒரு விளையாட்டுப் பொருளை எந்தக் கடையும் விற்பதில்லை. வாரியெடுத்த விதையை ஒரு பேசின் தண்ணீரில் போட்டால் விதை மிதக்கும். நாரைப் பிரித்தெடுப்பது விரல்களுக்கு நல்ல வேலை. வெறுமையான பூசணிக்குள் சமையல் சோடா இரண்டு கரண்டி போட்டு வினாகிரியை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். "இன்னொருக்கா!" என்ற குரல் வினாகிரி தீரும் வரை ஓயாது. வறுத்த விதையைப் பெரியவர்கள் சாப்பிடலாம். சின்னப் பிள்ளைக்கு முழு விதை தொண்டையில் சிக்கக்கூடியது.

மழை பெய்த மறுநாளை வீணாக்கக்கூடாது. ஈர இலைக் குவியலைக் கிளறினால் எழும்பும் வாசனைக்குத் தமிழில் மண்வாசனை என்ற பெயர் இருக்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஊரில் முதல் மழைக்கு முற்றத்தில் எழும்பிய வாசனையை அம்மம்மா அந்த இடத்தில் நின்று சொல்லட்டும். பழைய சட்டி, அகப்பை, ஒரு வாளி தண்ணீர் கொடுத்தால் பின்வளவில் சேற்றுச் சமையலறை ஒன்று தானாக உருவாகும்.

வெளியே போகமுடியாத நாளில் ஒரு தாம்பாளம் போதும். சோள மா (கோர்ன் ஸ்டார்ச்) இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு எடுத்து அதில் கலக்கவேண்டும். அழுத்திப் பிடித்தால் கட்டியாக நிற்கும், கையை விரித்தால் ஒழுகிப்போகும். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும், குப்பையில் போடவேண்டும்.

பிசையும் மா விடயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 2016, 2017ஆம் ஆண்டுகளில் கனடாவில் பச்சைக் கோதுமை மா வழியாக ஈ.கோலை கிருமி பரவிப் பலர் நோயுற்றார்கள். அதனால் மாவை வேகவைத்துச் செய்வதே மேல். ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி கிரீம் ஒஃப் டார்டர். எல்லாவற்றையும் கலந்து, மிதமான சூட்டில் களி கிண்டுவதுபோல் கிண்டினால் திரண்டு உருண்டையாகும். ஆறியதும் கொஞ்சம் கறுவாத் தூள் சேர்த்துப் பிசைந்தால் அறை முழுக்க மணக்கும். உப்பு மிகுந்தது என்பதால் பிள்ளையும் வீட்டு நாயும் அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். போராக்ஸ் போட்டுச் செய்யும் ஸ்லைமை விட்டுவிடுங்கள். போராக்ஸ், போரிக் அமிலம் போன்றவை சேரும் கைவினைக் கலவைகளைத் தவிர்க்கும்படி கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 2016இலேயே சொல்லிவிட்டது. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் நிறமணிகளும் வேண்டாம்; விழுங்கினால் வயிற்றுக்குள் பெருத்துக் குடலை அடைக்கக்கூடும்.

காட்டுப் பக்கம் போகிறவர்கள் பொய்சன் ஐவி என்ற நச்சுக்கொடியைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். மூன்று மூன்று இலையாக இருக்கும். இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவந்து பிள்ளையைக் கூப்பிடும். தொட்டால் தோல் பொங்கும். வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் நாட்களில் உண்ணிகளும் நடமாடும். நீளக் காற்சட்டை போட்டு, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் பார்க்கவேண்டும். தரையில் கிடக்கும் குதிரைக் கஷ்கொட்டையைக் கையில் வைத்து விளையாடலாம். தின்னக்கூடாது, மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கவும் கூடாது.

சில பிள்ளைகள் பிசுபிசுப்பைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்வார்கள். அவர்களை வற்புறுத்துவது பெரிய தவறு. மூடித் தைத்ததுபோல் இறுகப் பூட்டும் நெகிழிப் பைக்குள் வண்ணத்தையும் இரண்டு இலையையும் போட்டு யன்னலில் ஒட்டிவிட்டால், கை நனையாமலே அமுக்கி விளையாடலாம். ஒரு கரண்டியோ தூரிகையோ கொடுத்தாலும் சரி. விரல் வைக்கும் நாளைப் பிள்ளையே தீர்மானிக்கும்.

பெரியவர்களின் பொறுமை உடையும் இடம் விளையாட்டு முடியும் நேரம். ஆகவே துப்புரவை முதலில் ஆயத்தம் செய்யவேண்டும். விளையாட்டு தொடங்கமுன்னரே பழைய விரிப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளி, துவாய், மாற்று உடுப்பு எல்லாம் கதவடியில் இருக்கட்டும். எல்லை எது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நடுவில் அதட்டத் தேவையில்லை. விரிப்புக்குள் எல்லாம் செய்யலாம், விரிப்புக்கு வெளியே இல்லை. மூன்று வயதுக்கு இது விளங்கும். துடைக்கும் வேலையில் பிள்ளைக்கும் ஒரு துணி கொடுங்கள். அதையும் விளையாட்டாகத்தான் அது செய்யும்.

தாய் தந்தையரும் தாத்தா பாட்டிமாரும் இதைத் தள்ளிப்போடவேண்டாம். ரொறன்ரோவில் நவம்பர் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான இலையுதிர் மரங்கள் மொட்டையாகிவிடும். இந்த வாரக் கடைசியில் ஒரு பையையும் மழைச்சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வெளியே போங்கள்.